விடுதிக்கு நேரம் வகுப்பது எப்படி? கடற்கரைப் பள்ளிகளுக்கு வரும் புதிய வார்டன்களுக்கு

ஜூன் பிறந்தால் எங்கள் ராமநாதபுரம் கரையில் விடுதி உள்ள பள்ளிகளுக்குப் புது வார்டன்கள் வருவார்கள். பெரும்பாலும் பி.எட். முடித்த கையோடு வரும் இளம் ஆசிரியர்கள். வந்த முதல் வாரமே, "ஹாஸ்டல் டைமிங்கை எழுதிக் கொண்டு வாங்க சார்" என்று ஒரு வெள்ளைத் தாளைக் கொடுப்பார்கள். அவர்களும் தாங்கள் படித்த கல்லூரி விடுதியில் இருந்ததையே எழுதிக் கொடுப்பார்கள். மாலை 6 மணிக்குள் கேட்டுக்குள் வர வேண்டும், 10 மணிக்கு லைட் ஆஃப், மீறினால் அபராதம். அந்தத் தாள் ஆகஸ்ட் வரைகூடத் தாங்காது. நானும் அப்படி ஒரு தாளை எழுதியவன்தான். அதற்குப் பிறகு 14 வருடம் இதே வேலையில் இருந்து கற்றதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். நேரக் கட்டுப்பாடு வைப்பது பிள்ளைகளை அடக்கி வைக்க அல்ல. எந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்பது பொறுப்பான பெரியவர் ஒருவருக்கு எந்த நிமிடமும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு உதவாத விதி எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் பயனில்லை.

முதலில் பஸ் ஏறுங்கள்

தாளில் எதையும் எழுதும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பிள்ளைகள் வரும் அதே பஸ்ஸில் பள்ளிக்கு வாருங்கள். ராமேசுவரம் சாலையை ஒட்டிய பள்ளி என்றால் கவலை இல்லை, பஸ் வந்துகொண்டே இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய ஊர் என்றால் மினி பஸ்தான். அதன் கடைசி ட்ரிப் சில நாள் வரவே வராது. சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கும். இறங்கிய இடத்திலிருந்து கேட் வரை நடந்து பாருங்கள். இருபுறமும் சீமைக்கருவேலம், தெருவிளக்கு கிடையாது, பாம்பு குறுக்கே போகும் பாதை. பிள்ளைகள் எந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு வேகமாக நடக்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த இடத்தை இருட்டுவதற்குள் தாண்டிவிட வேண்டும். உங்கள் விதியில் வரும் முதல் நேரம் அந்த இடத்தை வைத்துத்தான் தீர வேண்டும்.

இருட்டும் நேரமும் வருடம் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. நம் கரையில் ஜூலையில் சூரியன் மறைய 6.40 ஆகும். நவம்பர் நடுவில் 5.50க்கே மறைந்துவிடும். கிட்டத்தட்ட 50 நிமிட வித்தியாசம். அதனால் ஒரே நேரத்தை வருடம் முழுக்க வைக்காமல் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை 6.15, அக்டோபர் முதல் பொங்கல் விடுமுறை வரை 5.30 என்று நான் வைத்திருந்தேன். பொங்கலுக்குப் பிறகு பழைய நேரத்துக்கே திரும்பிவிடலாம். உங்கள் பஸ்ஸுக்கு ஏற்ப பத்து நிமிடம் முன்பின் ஆகலாம். காரணத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் சண்டை போட மாட்டார்கள். இருட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

வாடைக்காற்று மாதங்களில் இன்னொரு விதி சேரும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய செய்தி வந்த நாளில் அவுட்டிங் கிடையாது. ஏற்கெனவே வீட்டுக்குப் போன பிள்ளை அங்கேயே இருக்கட்டும், பஸ் ஏற வேண்டாம் என்று பெற்றோருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். தாமதத்துக்குக் கேள்வி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால், "வார்டன் திட்டுவாரு" என்று பயந்து மழையில் கிளம்பி வருவார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன ராத்திரியைப் பற்றி இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேச்சு உண்டு. புயல் விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாக இருந்தால் பெற்றோர் உங்கள் பக்கம்தான் நிற்பார்கள்.

ஒரே நேரம் போதாது

"8 மணிக்குள் எல்லோரும் உள்ளே" என்று ஒற்றை வரியில் எழுதினால் குழப்பம்தான் வரும். வளாகத்துக்குள் வரும் நேரம் வேறு, விடுதிக் கட்டடத்துக்குள் வரும் நேரம் வேறு, அவரவர் கட்டிலுக்கு வரும் நேரம் வேறு, விளக்கு அணையும் நேரம் வேறு. நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். விளையாட்டுத் திடல், நூலகம், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் வளாகத்துக்குள்தான் இருக்கின்றன. அங்கே 8 மணி வரை பிள்ளை இருந்தால் தவறில்லை.

விளக்கணைப்பில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவம் சொல்கிறது. வயதுக்கு வரும் பருவத்தில் தூக்கம் வரும் நேரமே இயல்பாகத் தள்ளிப்போகும். ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். அப்படியிருக்க, ராத்திரி 11 வரை ஸ்டடி வைத்து விடிகாலை 4.30க்கு மணி அடிக்கும் விடுதிகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. ஐந்தரை மணி நேரத் தூக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் படிப்பு ஏறாது. நான் 9.45க்கு விளக்கணைத்து 5.45க்கு எழுப்பினேன். பிளஸ் டூ பெற்றோர் சிலர் வந்து வாதாடினார்கள். காலாண்டுத் தேர்வு வரை பொறுங்கள் என்றேன். வகுப்பில் தூங்கி விழுவது குறைந்ததை ஆசிரியர்களே அவர்களிடம் சொன்னார்கள்.

நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள்

இங்கே பள்ளிவாசல், மாதா கோயில், அம்மன் கோயில் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். விதியும் அதைத் தெரிந்து நடக்க வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கத்துப் பிள்ளைகள் ரமலான் நோன்பு வைப்பார்கள். நோன்பு தொடங்கும் முன் சாப்பிடும் ஸஹருக்கு விடிகாலை 4 மணிக்கு எழ வேண்டும், மாலையில் கஞ்சி வேண்டும், இரவில் தராவீஹ் தொழுகை உண்டு. இந்தச் சில வருடங்களாக நோன்பு பொதுத்தேர்வை ஒட்டியே வருகிறது. நோன்பு வைப்பவர்களை ஒரே அறைப் பக்கத்தில் சேர்த்துவிட்டால், எழும்போது மற்றவர் தூக்கம் கெடாது. தராவீஹ் தொழுகைக்கு வெளியே அனுப்புவதானால் ஒரு பெரியவர் கூடப் போய், போன எண்ணிக்கையிலேயே திரும்ப அழைத்து வர வேண்டும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட பையன்கள் விடிகாலையில் குளிக்கக் கிளம்புவார்கள். கிணற்றடிக்கு இருட்டில் தனியாக விடாதீர்கள். கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசை விடுமுறையில் வந்துவிடும் என்பதால் அதில் சிக்கல் இல்லை.

பஸ்ஸைப் பாதிக்கும் நாட்களையும் வருடத் தொடக்கத்திலேயே சிவப்பு மையில் குறித்துவிடுங்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேசுவரம், தேவிபட்டினம், சேதுக்கரை பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது. மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கையில் ராத்திரி முழுக்கக் கூட்டம். செப்டம்பர் 11 பரமக்குடியிலும் அக்டோபர் 30 பசும்பொன்னிலும் நினைவு நாட்கள் என்பதால் வாகனப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கும், பல தடங்களில் பஸ் குறையும். இந்த நாட்களை ஒட்டி வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் ஒரு நாள் முன்பே அனுப்புங்கள், ஒரு நாள் கழித்தே அழையுங்கள்.

எண்ணுவது எப்படி

வேலையின் உயிர்நாடி இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஹாலில் வரிசையாக நிற்க வைத்து அட்டென்டன்ஸ் எடுக்காதீர்கள். ஒருவனுக்காக இன்னொருவன் "உள்ளேன் ஐயா" சொல்வான். குரலை வைத்து 90 பேரை யாராலும் பிரித்துவிட முடியாது. சாப்பாடு முடிந்து 8.30க்கு நீங்களே அறை அறையாகப் போங்கள். கட்டில் வரிசைப்படி பெயர் எழுதிய நோட்டு கையில் இருக்கட்டும். பெயரைக் கூப்பிட வேண்டாம், முகத்தைப் பார்த்து டிக் போடுங்கள். ஒவ்வொரு அறையிலும் அரை நிமிடம் நில்லுங்கள். யார் சாப்பிடாமல் படுத்திருக்கிறான், யார் அழுத முகத்தோடு இருக்கிறாள், யார் கட்டிலைச் சுற்றித் தைல வாசம் அடிக்கிறது என்பதெல்லாம் அந்த அரை நிமிடத்தில்தான் தெரியும். பெண் பிள்ளைகள் விடுதியில் இதைப் பெண் வார்டன்தான் செய்ய வேண்டும். ஆண் ஊழியர் எவரும், தலைமையாசிரியரே ஆனாலும், இரவில் உள்ளே போகக் கூடாது.

இரண்டாவது எண்ணிக்கை விளக்கணைந்து அரை மணி கழித்து. டார்ச்சை முகத்தில் அடிக்காமல் தரையில் அடித்துக்கொண்டு நடங்கள். போர்வைக்கு வெளியே கால் தெரிகிறதா என்று பாருங்கள். தலையணையையும் பையையும் அடுக்கிப் போர்வையால் மூடி ஆள் படுத்திருப்பது போல் செய்யப் பையன்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். கால்களை மட்டும் அவர்களால் செய்ய முடியாது.

கேட்டுப் பக்கம் ஒரு கரும்பலகை வையுங்கள். மொத்தம் 92, உள்ளே 88, வீட்டில் 3, ஆஸ்பத்திரியில் 1. கூட்டினால் சரியாக வர வேண்டும். வாட்ச்மேன் ஒவ்வொரு முறையும் அழித்து எழுதுவார். வெளியே போகும் நோட்டில் பெயர், போகும் இடம், யாரோடு, போன நேரம், திரும்பிய நேரம், கையெழுத்து இருந்தால் போதும். அழைத்துப் போக வருபவரின் போட்டோ சேர்க்கைப் படிவத்தில் ஒட்டியிருக்க வேண்டும். "சித்தப்பா" என்று வந்து நிற்பவரைப் பிள்ளை தெரியும் என்று சொன்னாலும், படிவத்தில் இல்லையென்றால் தாய் தகப்பனிடம் போனில் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

கடலிலிருந்து வரும் செய்தி

ஒரு ராத்திரி 10.40க்கு விடுதிப் போன் அடித்தது. பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு தாய். அவர் கணவர் போன விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று துறையில் பேசிக்கொள்கிறார்கள், பையனிடம் சொல்ல வேண்டும் என்றார். "அவன் தூங்குறான்மா, காலையில நானே பக்குவமா சொல்றேன்" என்றேன். அது நல்ல எண்ணம்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். அதே ஊர்ப் பையன் ஒருவன் ரகசியமாகப் போன் வைத்திருந்தான். பதினொன்றரைக்குள் செய்தி கட்டிலுக்குக் கட்டில் போய்விட்டது. அவன் பின்சுவரில் ஏறிக் குதித்துப் போய்விட்டான். சுவரின் கண்ணாடிச் சில் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியைக் கை காட்டி நிறுத்த முயன்றுகொண்டிருந்தவனை ரோந்து வந்த போலீஸ்தான் பார்த்து அழைத்து வந்தார்கள். என்னை அவன் திட்டவில்லை. "சொல்லிருக்கலாம்ல சார்" என்று மட்டும் கேட்டான்.

மறுநாளே விதியை மாற்றினேன். கரைப் பள்ளி எதுவானாலும் இந்த நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வரும் அவசரப் போனுக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது, எந்த நேரமானாலும் பிள்ளையை எழுப்ப வேண்டும். கடல் சார்ந்த செய்தியைப் பிள்ளை உங்களிடமிருந்துதான் முதலில் கேட்க வேண்டும், அதுவும் உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு நண்பனோடு. வீட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்றால் விடியும் வரை காத்திருந்து, முதல் பஸ்ஸிலோ பள்ளி வண்டியிலோ ஒரு பெரியவர் கூட்டிப்போக வேண்டும். அந்த ராத்திரி அவன் விழித்திருக்கலாம், வராந்தாவில் உட்கார்ந்திருக்கலாம், விளக்கும் எரியலாம்.

சாதாரண நாட்களில் பேசும் நேரமும் கடலைப் பார்த்தே வைக்க வேண்டும். விசைப்படகில் போகும் அப்பா ராத்திரி முழுக்கக் கடலில் இருப்பார், மறுநாள்தான் கரை சேர்வார். பாசி எடுக்கப் போகும் அம்மாவுக்குக் கடல் வற்றும் நேரம்தான் வேலை நேரம். "மாலை 6 முதல் 7 வரை மட்டுமே போன்" என்றால் சில பிள்ளைகள் மாதக் கணக்கில் அப்பா குரலே கேட்க மாட்டார்கள். வாரம் இரண்டு முறை, எந்த நேரம் வசதி என்று பெற்றோரே எழுதிக் கொடுக்கட்டும்.

பிள்ளைகள் கையில் சொந்தப் போன் பற்றிப் பள்ளிக்குப் பள்ளி விதி மாறும். இரவில் வாங்கி வைத்துக் காலையில் கொடுப்பது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரி என்பது என் கருத்து. வாங்கும் போனை உறையிலிட்டுப் பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். அதைத் திறந்து பார்க்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

பூட்டு

ஏர்வாடி நம் கரையில்தான் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் விடுதிக் கதவைப் போய்ப் பாருங்கள். ராத்திரி வெளிப்பக்கம் பூட்டுப் போட்டு, சாவியை வாட்ச்மேன் இடுப்பில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போகும் வழக்கம் இருந்தால், இன்றைக்கே நிறுத்துங்கள்.

படுக்கும் கட்டடத்தின் கதவு எதுவும் வெளியே பூட்டப்படக் கூடாது. உள்ளிருந்து தாழ்ப்பாள், வெளியே காவலுக்கு ஆள். சுற்றுச்சுவர் கேட்டைப் பூட்டலாம், ஆனால் சாவி ஒன்று வாட்ச்மேனிடமும் இன்னொன்று வார்டனிடமும் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு வழி வேண்டும். இரண்டாவது வழியில் பழைய பெஞ்சு, உடைந்த கட்டில் அடுக்கியிருக்கும். நான் பார்த்த விடுதிகளில் பாதிக்கு மேல் அப்படித்தான். முதல் வாரத்திலேயே அதை அப்புறப்படுத்துங்கள். ஜன்னல் கம்பி வழியாக வெளியே வர முடியாது என்பதையும் மறக்காதீர்கள். மாதம் ஒருமுறை ராத்திரி மணி அடித்து எல்லோரையும் திடலுக்கு வரச் சொல்லி, கரும்பலகைக் கணக்கோடு சரி பாருங்கள்.

தாமதமானால் என்ன செய்வது

வரவேண்டிய நேரம் தாண்டி 15 நிமிடம்: பிள்ளையின் வீட்டுக்கும், கூடப் போனவர்களுக்கும் போன். 30 நிமிடம்: ஒரு ஊழியர் பஸ் நிறுத்தம் வரை வண்டியில் போய்ப் பார்க்க வேண்டும், தலைமையாசிரியருக்கும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம்: எங்கே என்று தெரியவில்லை என்றால் அவசர உதவி எண் 112. "பள்ளிப் பெயர் கெட்டுவிடும், காலையில் பார்க்கலாம்" என்று சொல்பவர் கட்டாயம் இருப்பார். கேட்காதீர்கள். காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை உடனே எஃப்.ஐ.ஆராகப் பதிய வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வெறும் பேச்சு. கடற்கரைப் பக்கம் போயிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093ஐயும் கூப்பிடுங்கள். இந்த எண்களோடு ஆம்புலன்ஸுக்கான 108, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்கு மேல் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் தெரிந்த எண்ணும் மறந்துபோகும்.

பிள்ளை வந்து சேர்ந்ததும் முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" என்பதாக இருக்கட்டும். விசாரணை மறுநாள்.

மீறியவர்களுக்கு

அடிக்கக் கூடாது, முட்டி போட வைக்கக் கூடாது, கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைக்கக் கூடாது, சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, பராமரிக்கும் நிறுவனத்தின் ஊழியரே 18 வயதுக்குட்பட்டவரைத் துன்புறுத்தினால் 5 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டத்தை விடுங்கள். தாமதமாக வந்தால் அடி என்று தெரிந்த பிள்ளை, தாமதமாகிவிட்டால் வராமலே இருந்துவிடும். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது. பண அபராதமும் வேண்டாம், அதைக் கட்டுவது பிள்ளை அல்ல.

முதல் தடவை பேச்சு. இரண்டாவது தடவை அடுத்த அவுட்டிங் இல்லை. மூன்றாவது தடவை பெற்றோரை வரவழைத்துப் பிள்ளையின் முன்னாலேயே பேச வேண்டும். பஸ் வராதது, மழை, உடம்புக்கு முடியாதது எதுவும் தவறுக் கணக்கில் சேராது. ஒரு பிள்ளை திரும்பத் திரும்பத் தாமதமாக வருகிறது, அல்லது விடுமுறை முடிந்து விடுதிக்கு வர அழுகிறது, அல்லது வீட்டுக்குப் போகவே மறுக்கிறது என்றால், விதியை ஓரமாக வைத்துவிட்டுக் காரணத்தைக் கேளுங்கள். பாலியல் தொந்தரவு என்று சிறு குறிப்புக் கிடைத்தாலும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி நீங்கள் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நிர்வாகத்திடம் சொன்னதோடு உங்கள் கடமை முடியாது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நேரம்தான். பெண் விடுதிக்கு 5.30, ஆண் விடுதிக்கு 7 என்று பல இடங்களில் வைக்கிறார்கள். சாலையில் விளக்கு இல்லாதது இருவருக்கும்தான், பாம்பு இருவரையும்தான் கடிக்கும். நூலகமும் கணினி அறையும் 8 மணி வரை திறந்திருந்தால் பெண் பிள்ளைகளும் 8 மணி வரை அங்கே இருக்க வேண்டும். வழித்துணை வேண்டுமென்றால் ஆள் போடுங்கள். அவர்கள் படிக்கும் நேரத்திலிருந்து அதைப் பிடுங்காதீர்கள்.

எப்போது அறிவிப்பது

எழுதிய தாளை முதலில் பிள்ளைகளிடம் படித்துக் காட்டுங்கள், வகுப்புக்கு இரண்டு பேர் என்று உட்கார வைத்து. எந்த பஸ் உண்மையில் எத்தனை மணிக்கு வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். என் முதல் தாளில் இரண்டு நேரங்களை ஒரு பதினோராம் வகுப்புப் பெண்தான் திருத்தினாள். இரண்டுமே சரியான திருத்தம்.

பெற்றோர் கூட்டத்தை ஜூன் 14க்குள் வைத்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகில் போகும் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். 15ஆம் தேதிக்குப் பிறகு கூட்டம் போட்டால் அம்மாக்கள் மட்டும் வருவார்கள். பிறகு, "எனக்கு யாரும் சொல்லலையே" என்று ஒரு ராத்திரி அப்பா கேட்டில் வந்து நிற்பார். விதி ஒரே பக்கத்தில், பேச்சுத் தமிழுக்குப் பக்கமான தமிழில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கூட்டத்தில் வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். ஒரு பிரதி அவர்கள் கையில், ஒன்று அலுவலகத்தில், ஒன்று வாட்ச்மேன் அறைச் சுவரில்.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதே பஸ்ஸில் மறுபடி ஏறி வாருங்கள். அக்டோபர் நேரத்தை அன்று ராத்திரி எழுதலாம்.